நிலையான விலையா, தள்ளுபடியா? ஜூரோங் வெஸ்ட் வீட்டின் ஏழு வருட மின்சாரக் கணக்கு

2025 தீபாவளி முடிந்த கையோடு ஒரு சனிக்கிழமை, சிங்கப்பூரின் பூன் லே எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஜூரோங் பாயிண்ட் கடைத்தொகுதிக்குள் நுழையும்போது ஒரு தமிழ்ப் பையன் வழிமறித்தான். கையில் துண்டுப்பிரசுரம், கழுத்தில் அட்டை. “அக்கா, உங்க வீட்டுக் கரண்ட் எந்தக் கம்பெனி? ஃபிக்ஸ்டா, டிஸ்கவுண்டா?” என்றான். 2026 பிப்ரவரியில் எங்கள் ஒப்பந்தம் முடிகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தபோது, “இதில் யோசிக்க என்னக்கா இருக்கு, இருபத்து நாலு மாசத்துக்கு லாக் பண்ணிடுங்க” என்று ஒரு துணிப்பையைக் கையில் திணித்தான்.

யோசிக்க என்ன இருக்கிறது என்று அவன் கேட்டதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 2018 முதல் நான் மூன்று விதமாகக் கரண்ட் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கு நோட்டில் இருக்கிறது. வேலையும் கணக்கு எழுதுவதுதான், சரக்குக் கப்பல் கம்பெனி ஒன்றில். வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) நான்கறை வீடு, ஐந்து பேர், மாதம் சராசரி 390 யூனிட். பில்லில் கிலோவாட் மணி என்று போட்டிருப்பார்கள், எனக்கு யூனிட் என்றால்தான் வாயில் வருகிறது.

தமிழ்நாட்டில் இருக்கும் என் தங்கைக்கு இது புரியவே இல்லை. அங்கே மின்வாரியம் ஒன்றுதான், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங், (2025-இல்) முதல் 100 யூனிட் இலவசம், மீதிக்குப் பணம். “கரண்டைக் கூடவா கடை கடையாகப் போய் வாங்குவீர்கள்?” என்று கேட்டாள். சிங்கப்பூரிலும் 2018 வரை வீடுகளுக்கு அப்படித்தான். எஸ்பி குழுமம் ஒன்றுதான் கடை. அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் திறந்த மின்சாரச் சந்தை என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். முதலில் சோதனை ஓட்டம் எங்கள் ஜூரோங் வட்டாரத்தில்தான். நவம்பரில் தொடங்கி மற்ற வட்டாரங்களுக்கும் படிப்படியாகப் போய், 2019 மே மாதத்துக்குள் தீவு முழுக்க வந்துவிட்டது.

வீட்டுக்காரர்களுக்கு முன்னால் இருப்பது அடிப்படையில் மூன்று வழி. ஒன்று, எஸ்பியிடமே இருந்துவிடுவது. அதன் கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். இரண்டு, தள்ளுபடித் திட்டம். எஸ்பி கட்டணம் என்னவோ அதில் இத்தனை சதவீதம் கழிவு. அது ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். மூன்று, நிலையான விலை. ஆறு மாதமோ, பன்னிரண்டோ, இருபத்து நான்கோ, ஒரு யூனிட்டுக்கு ஒரே காசு, உலகத்தில் என்ன நடந்தாலும் சரி. அரைமணி நேரத்துக்கு ஒரு முறை மாறும் மொத்தச் சந்தை விலையிலேயே வாங்கும் வழியும் உண்டு. அதற்குத் தனி மீட்டர் வேண்டும், திடமான நெஞ்சும் வேண்டும். எனக்கு இரண்டாவது இல்லை. இரவில் மலிவு, பகலில் கூடுதல் என்று சில திட்டங்களும் இருக்கின்றன. பகலெல்லாம் வீட்டில் ஆள் இருக்கும் குடும்பத்துக்கு அது சரிப்படாது, விட்டுவிடுகிறேன்.

2018 ஆகஸ்டில் முதன்முதலாக மாறினோம். என் மாமியாருக்குத்தான் பெரிய கவலை. “கம்பியெல்லாம் பிடுங்கி மாட்டுவாங்களா? அன்னிக்கு ஃபிரிஜ் என்ன ஆகும்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. கம்பியும் எஸ்பியுடையது, மீட்டரும் எஸ்பியுடையது, கரண்ட் போனால் கூப்பிட வேண்டியதும் எஸ்பியைத்தான். மாறியது காசு யாருக்குப் போகிறது என்பது மட்டும். மாறிய நாளில் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டக்கூட இல்லை. மாமியாருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்றே நினைக்கிறேன்.

அந்த முதல் ஒப்பந்தம் 24 மாத நிலையான விலை, ஜிஎஸ்டி வரி சேர்த்து யூனிட் 17.9 காசு (சென்ட்). அப்போது எஸ்பி விலை வரியோடு 25 காசைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாதம் இருபத்தேழு வெள்ளிக்கு (டாலருக்கு) மேல் மிச்சம். இரண்டு வருடத்தில் அறுநூற்றுச் சொச்சம் வெள்ளி. திட்டத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த நாளில் அது எனக்கு நிலையான விலையின் மகிமையாகத் தெரிந்தது. அது மகிமை இல்லை, புதுக் கடை திறப்பு விழா. ஆள் பிடிக்க எல்லாரும் விலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். தள்ளுபடித் திட்டம் எடுத்தவர்களும் அன்று லாபத்தில்தான் இருந்தார்கள்.

இனி என் முதல் தப்பு. 2020 ஜூலையில் ஒப்பந்தம் முடிந்தது. அது சர்க்கிட் பிரேக்கர் என்ற கோவிட் ஊரடங்கு முடிந்த சமயம் (பெயரே மின்சாரப் பெயர்). மகனுக்கு வீட்டிலேயே பள்ளிக்கூடம், எனக்கும் வீட்டுக்காரருக்கும் வீட்டிலேயே ஆபீஸ், யூனிட் 500-ஐத் தாண்டியது. ஆனால் எஸ்பி கட்டணமோ சரிந்து, வரிக்கு முன்னால் 19.60 காசுக்கு வந்திருந்தது. காரணம் எளிது. இங்கே மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவில் ஓடுகிறது, அந்த எரிவாயுவின் ஒப்பந்த விலை எண்ணெய் விலையோடு கட்டிப்போடப்பட்டது. நோய்க் காலத்தில் எண்ணெய் விழுந்தது, கட்டணமும் விழுந்தது.

விலை விழுந்துகொண்டிருக்கும்போது எவனாவது விலையைப் பூட்டுவானா? இப்படித்தான் நினைத்தேன். 22 சதவீதத் தள்ளுபடித் திட்டத்துக்குப் போனேன். முதல் இரண்டு மாதம் யூனிட் 16.4 காசு. நோட்டில் பச்சை மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அக்டோபரில் எஸ்பி 21.43-க்கு ஏற்றியது. தள்ளுபடி போக என் விலை 17.9. இரண்டு வருடம் கொடுத்துக்கொண்டிருந்த அதே காசு! 2021 ஜூலையில் எஸ்பி 23.38, என் விலை 19.5. இறங்கும்போது பூட்டக் கூடாது என்று நினைத்தவள், இறங்கி முடிந்துவிட்டது என்பதைக் கவனிக்கவில்லை. 2020 நடுவில் 24 மாதத்துக்குப் பூட்டியவர்கள்தான் இந்த ஊரிலேயே மலிவாகக் கரண்ட் எரித்தவர்கள். என் ஆபீஸில் ஒரு சீன நண்பர் அப்படிப் பூட்டினார். அவர் சாமர்த்தியசாலி என்று சொல்ல மாட்டேன். மனைவி கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டார்.

தள்ளுபடித் திட்டத்தை நான் திட்டவில்லை. அது சொன்னதைத்தான் செய்தது. எஸ்பியை விட எப்போதும் ஒரு படி கீழேயே நின்றது. ஆனால் ‘22 சதவீதம்’ என்று பெரிய எழுத்தில் பார்க்கும்போது, எதிலிருந்து 22 சதவீதம் என்பது மனதில் நிற்பதில்லை. பண்டிகைக்கு முன் சேலை விலையை ஏற்றிவிட்டுக் கழிவு கொடுக்கும் கடைக்குப் போய் ஏமாறாதவள் நான், இதில் கோட்டை விட்டேன்.

இரண்டாவது தப்பு இன்னும் பெரியது. 2021 ஆகஸ்டில், சரி, இனி பூட்டிவிடலாம் என்று 24 மாத நிலையான விலை தேடினேன். எல்லா நிறுவனங்களையும் வரிசைப்படுத்தி, இருப்பதிலேயே குறைந்ததை எடுத்தேன். 18.4 காசு, வரி சேர்த்து. சிறிய நிறுவனம், அழகான இணையப் பக்கம், சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் இருந்தால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. பெயர் இப்போது எதற்கு? அந்தக் கடையே இல்லை.

அக்டோபரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. சில்லறை வியாபாரத்திலிருந்து விலகுகிறோம், உங்கள் கணக்கு எஸ்பிக்கு மாற்றப்படும், மின்சாரம் தடைபடாது, வணக்கம். இருபத்து நான்கு மாத ஒப்பந்தத்தில் மூன்றாவது மாதம். அந்தச் சில வாரங்களில் அடுத்தடுத்துப் பல நிறுவனங்கள் கடையை மூடின. உலகம் முழுக்க எரிவாயு விலை எகிறிய நேரம் அது.

ஏன் மூடினார்கள் என்பதுதான் இந்த மொத்த விவகாரத்திலும் எனக்குப் புரியவே நாளான விஷயம். என்னைப் போன்ற வீடுகளுக்கு 18 காசுக்கு விற்பதாக எழுதிக் கொடுத்த நிறுவனம், அந்தக் கரண்டை மொத்தச் சந்தையில் வாங்க வேண்டும். அங்கே அரைமணிக்கு ஒரு விலை. முன்கூட்டியே போதுமான அளவு விலை பேசி வைக்காதவர், சந்தை எகிறும்போது முழங்கையில் அடி வாங்க வேண்டியதுதான். ஒவ்வொரு யூனிட்டிலும் நட்டம். எஸ்பி கட்டணத்தோடு சேர்ந்து ஏறுவதால் தள்ளுபடித் திட்டம் விற்றவர்களாவது தப்பித்திருக்கலாம் என்று நினைத்தேன், அதுவும் இல்லை. எஸ்பி கட்டணத்தின் எரிபொருள் பகுதி, முந்தைய காலாண்டின் முதல் இரண்டரை மாத எரிவாயு விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அதாவது கட்டணம் நேற்றைய விலையைப் பேசும், மொத்தச் சந்தை இந்த நிமிட விலையைப் பேசும். இரண்டுக்கும் நடுவில் சிறிய நிறுவனம் நசுங்கியது.

சொந்த மின்நிலையம் இருக்கும் குழுமங்களுக்கு இந்த அடி அப்படி விழவில்லை. மொத்தச் சந்தையில் விலை ஏறினால், வாங்கும் கை நட்டப்பட்டாலும் விற்கும் கை சம்பாதிக்கும். செனோக்கோ, துவாஸ் பவர், கெப்பல், செம்ப்கார்ப், பசிபிக்லைட், பவர்செராயாவின் ஜெனிகோ எல்லாம் இந்த வகை. நிலையான விலை என்பது ஒருவர் நமக்காக விலையேற்றத்தைத் தோளில் தாங்கிக்கொள்கிறேன் என்று சொல்வது. தோள் எவ்வளவு அகலம் என்று பார்க்காமல் நான் காசை மட்டும் பார்த்தேன். அரைக்காசு கூடுதலாகக் கொடுத்து அகலமான தோளைப் பிடித்திருந்தால் 2023 நடுவரை நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதன் பிறகு எஸ்பியில். 2022 ஜனவரியில் 25.44, ஏப்ரலில் 27.94, ஜூலையில் 30.17. எல்லாம் வரிக்கு முன்னால். அந்த ஜூலையில் எங்கள் மின்சாரச் செலவு மட்டும் 126 வெள்ளி. பழைய ஒப்பந்தம் உயிரோடு இருந்திருந்தால் 72. மாதத்துக்கு 54 வெள்ளி வித்தியாசம், நோட்டில் சிவப்பு மை. நடுவில் வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்று பார்த்தால், பலர் புதிய வீடுகளைச் சேர்ப்பதையே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

எதிர்வீட்டு அக்காவுக்கு அப்போதுதான் பெருமை. ஓய்வு பெற்ற தாதி, 2018-லிருந்து எஸ்பியை விட்டு அசையவே இல்லை. “நீ மூணு கடை சுத்திட்டு எங்க வந்து நிக்கிற பாரு” என்றார். நான் நோட்டைக் காட்டவில்லை. முதல் மூன்று வருடத்தில் அவர் கூடுதலாகக் கொடுத்த காசுக்குச் சென்னைக்கு ஒரு டிக்கெட்டே எடுத்திருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. எஸ்பியில் ஒப்பந்தக் காலம் கிடையாது, பாதியில் விட்டால் தண்டம் கிடையாது, தண்ணீர், குப்பை, கரண்ட் எல்லாம் ஒரே பில்லில் வந்துவிடும், அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவும் அதே கணக்கில் இறங்கும். தனியாக இருக்கிறவர், மாதம் 120 யூனிட் எரிக்கிறவர். யூனிட்டுக்கு ஒரு காசு மிச்சம் என்றால் அவருக்கு மாதம் ஒன்றே கால் வெள்ளிதான். அதற்காக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இப்போது இருக்கும் திட்டத்துக்கு வருகிறேன், விமர்சனம் என்று பார்த்தால் இதைப் பற்றித்தான் எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் எடுத்தது. மின்நிலையம் வைத்திருக்கும் குழுமத்தின் நிறுவனம், 24 மாத நிலையான விலை, ஜிஎஸ்டி சேர்த்து 28.9 காசு. இருப்பதிலேயே மலிவு இல்லை, கீழிருந்து மூன்றாவது. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். அன்றைக்கு எஸ்பி கட்டணம் 29.89, ஒன்பது சதவீத வரி சேர்த்தால் 32.6 காசு. மாதம் பதினான்கு வெள்ளி மிச்சத்தில் தொடங்கியது. பிறகு எஸ்பி மெல்ல மெல்ல இறங்கி, 2025 கடைசிக் காலாண்டில் 27.55. வரியோடு 30 காசு. என் மிச்சம் நாலரை வெள்ளிக்குக் குறுகிவிட்டது.

செய்தியில் 27.55 என்று கேட்ட எதிர்வீட்டு அக்கா உடனே கதவைத் தட்டினார். “நீ 28.9 குடுக்கிற, எனக்கு 27.55. திரும்பவும் ஏமாந்துட்ட” என்றார். எஸ்பியின் காலாண்டு அறிவிப்பில் முதலில் சொல்லப்படுவது வரிக்கு முந்தைய விலை. விற்பனை நிறுவனங்கள் விளம்பரத்தில் போடுவது வரி சேர்ந்த விலை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாருக்கும் இப்படித்தான் தோன்றும். எஸ்பி எண்ணை 1.09-ஆல் பெருக்கிவிட்டுப் பேசுங்கள் என்று அவரிடம் சொன்னேன். பெருக்கிப் பார்த்துவிட்டு, “அப்ப நாலு வெள்ளிக்கா இவ்வளவு பாடு?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் இல்லை என்று சொல்ல முடியாது. மாமியார் அறையில் ஏர்கான் இரவில் ஒரு மணி நேரம் குறைந்தால் மாதம் இருபது யூனிட்டாவது குறையும், ஆறு வெள்ளி. ஒப்பந்தத்தில் நான் பிடிக்கும் மிச்சத்தை விட அது அதிகம். ஆனால் எழுபத்தெட்டு வயதுப் பெரியவரிடம் போய், “அத்தை, ஏர்கானை அணைத்துவிடுங்கள்” என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆகவே விலையில்தான் பிடித்தாக வேண்டும்.

இந்த நிறுவனத்தின் சேவையில் நல்லது: பில் ஒரு நாள்கூடத் தவறியதில்லை, வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஜைரோவில் பணம் சரியாகப் போகிறது, மாதவாரி யூனிட் கணக்கை வரைபடமாகக் காட்டுகிறார்கள். பிடிக்காதது: தொலைபேசியில் மனிதக் குரலைக் கேட்பதற்கு இருபது நிமிடம். இன்னொன்று, ஒப்பந்தம் முடியும்போது நாம் எதுவும் சொல்லாவிட்டால் அவர்களே ஒரு புதிய விலையில் தொடர்வார்கள் என்ற வரி. அந்தப் புதிய விலை நமக்குச் சாதகமாக இருக்கும் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

எந்த நிறுவனமும் கையெழுத்துக்கு முன் விவரத் தாள் ஒன்று தர வேண்டும். அதில் நான் பார்ப்பது நான்கு இடம்தான்: விலை வரியோடா, வைப்புத்தொகை உண்டா, தாமதக் கட்டணம் எவ்வளவு, பாதியில் விலகினால் தண்டம் எவ்வளவு. கடைசியை லேசாக நினைக்க வேண்டாம். ஆபீஸில் ஒரு பெண், பொங்கோலில் முன்பதிவு செய்த புதிய வீவக வீட்டுச் (பிடிஓ) சாவி எப்போது வரும் என்று தெரிந்துகொண்டே, வாடகை வீட்டுக்கு 24 மாதம் பூட்டினார். எட்டாவது மாதம் சாவி வந்தது. இரண்டு வருடத்தில் பிடிக்க நினைத்த மிச்சமும் தண்டத்தில் போயிற்று. வீடு மாறப் போகிறவர்களுக்கு ஆறு மாதத் திட்டம், இல்லையென்றால் எஸ்பி. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

பிப்ரவரிக்கு நான் என்ன செய்யப் போகிறேன்? வரி சேர்த்த நிலையான விலை, வரி சேர்த்த எஸ்பி விலையை விட இரண்டு காசாவது கீழே இருந்தால், மின்நிலையம் உள்ளவரிடம் 24 மாதம். வித்தியாசம் ஒரு காசுக்குள் என்றால் தள்ளுபடித் திட்டம், அதுவும் பன்னிரண்டு மாதத்துக்கு மட்டும். விலை இனி ஏறுமா இறங்குமா என்று ஊகிப்பதை நான் 2020-லேயே விட்டுவிட்டேன். மகனுக்கு அடுத்த வருடம் பாலிடெக்னிக், மாதச் செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்தால் போதும் என்கிற நிலையில் இருக்கிறோம். அதனால் மனம் பூட்டுகிற பக்கமே சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஜூரோங் பாயிண்ட் தம்பியின் தாளையும் பார்த்தேன். 24 மாதத்துக்கு 27.9 காசு, வரி சேர்த்து. எஸ்பியை விட இரண்டு காசு கீழே, என் கணக்குப்படி சரியான விலைதான். நிறுவனத்தின் பெயர் எனக்குப் புதிது. தேடிப் பார்த்தேன், மின்நிலையம் எதுவும் இல்லை. தம்பி நல்ல பையன், அவனுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. 2021-இல் அவன் உயர்நிலைப் பள்ளியில் இருந்திருப்பான். டிசம்பர் கடைசியில் எஸ்பி அடுத்த காலாண்டு விலையைச் சொல்லும். அதுவரை தாள் நோட்டுக்குள் இருக்கிறது. துணிப்பை மட்டும் கெட்டியான பை. மாமியார் இப்போது சந்தையிலிருந்து முருங்கைக்கீரை வாங்கி வருவது அதில்தான்.